பதினான்காம் விதியும் என் ஓட்டும்

திங்கள், ஜூலை 9

விடிந்ததிலிருந்து மழை. எங்கள் ஊர் வுனிமோனோவிலிருந்து சுவா போகிற பஸ் அரை மணி லேட். பாவாடை முழங்கால் வரை நனைந்து, அதோடேயே இரண்டு லெக்சர்.

உதவித்தொகை வாரியத்திலிருந்து காகிதக் கட்டு வந்தது. வியாழன் கூட்டம். மாணவர் பிரதிநிதி என்று எனக்குப் பெரிய பெயர். இதுவரை செய்தது: ஜன்னல் மூடியது, டீ ஊற்றியது. இந்தத் தடவை விஷயம் வேறு. புதிய நிபந்தனை: எந்த மாணவரின் பெயர் வெளிநாட்டுக் குடியேற்ற மனுவில் இருக்கிறதோ, அவருக்கு உதவித்தொகை கிடையாது.

ஃபிஜியில் கூ, அதுதான் ஆட்சிக் கவிழ்ப்பு, நடந்து ஒரு வருஷம். துப்பாக்கிக்குப் பயந்து நம் இந்திய வம்சத்தில் யார்தான் மனுப் போடவில்லை?

வாரியத்தில் ஐந்து பேர். இதை எழுதிய அமைச்சக அதிகாரியும் பேங்க்காரரும் ஆதரவு. தலைவராக இருக்கிற மாஸ்டரும் பாதிரியாரும் எதிர்ப்பு. மிச்சம் நான். சம ஓட்டு வந்தால் முடிவு அமைச்சகத்துக்குப் போகும். அங்கே போனால் தீர்ந்தது.

நியூசிலாந்துக்கு நாங்களும் போட்டிருக்கிறோம். அப்பா, அம்மா, தங்கை, நான். நாலு பேர். எனக்கு இது கடைசி வருஷம், உதவித்தொகை வந்து முடிந்துவிட்டது. ஆனாலும் பதினான்காம் விதி: விஷயத்தில் சம்பந்தம் உள்ளவர் அதைச் சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். ஓட்டு இல்லை.

செவ்வாய், ஜூலை 10

தூறல். வாங்க வேண்டியவை: பேனா ரீஃபில், தேங்காய் எண்ணெய், தங்கைக்கு சாக்ஸ்.

கேன்டீனில் சரோஜா பிடித்துக்கொண்டாள். லோவு ஊர்ப் பெண், முதல் வருஷம், வீட்டில் கரும்பு விவசாயம். அவளுக்குத் தமிழ் சுத்தமாக வராது. எல்லாம் நம்மூர் இந்திதான், என்னைக் கூப்பிடுவதுகூட அக்கா இல்லை, தீதி. அவள் சித்தப்பா ஆஸ்திரேலியாவுக்கு மனுப் போட்டபோது இவள் பெயரையும் சேர்த்துவிட்டாராம். போகிற எண்ணமே இல்லை இவளுக்கு. “உதவித்தொகை நின்னுட்டா நான் வீட்டுக்குத்தான், தீதி. ஆனா உள்ளே நீங்க இருக்கீங்களே” என்றாள். நான் சமோசாவைத் தின்றேன்.

அப்பாவிடம் கேட்டேன். “வாயை மூடிக்கிட்டு ஒக்காந்திரு பாப்பா. கையத் தூக்கு, வந்துரு. நாம மனுப் போட்டது எவனுக்குத் தெரியும்?”

எனக்குத் தெரியுமே.

புதன், ஜூலை 11

முடிவு: பேசாமல் இருப்பது. நல்ல காரியத்துக்குத்தானே. நாள் முழுக்க இதையே சொல்லிக்கொண்டேன். யார் மேலோ எரிச்சல். தங்கையைக் காரணமில்லாமல் திட்டினேன், பாவம்.

வியாழன், ஜூலை 12

வெயில்! எழுத நிறைய.

வழக்கம்போல் தலைவர் கேட்டார்: “யாருக்காவது சம்பந்தம் உண்டா?” ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், தவுவா ஊர்ப் பக்கத்துப் பூர்வகுடி ஃபிஜியர். வகுப்பில் கேட்கிற மாதிரியே கேட்பார். ஒருவரும் அசையவில்லை. நானும்தான்.

அப்புறம் அதிகாரி பேச ஆரம்பித்தார். “மனுப் போட்டதை மறைத்து நம் பணத்தில் படிக்கிறவர்கள்” என்றார். மறைத்து. காது சூடாகிவிட்டது. நான் எழுந்து நிற்கிறேன் என்பதே எழுந்த பிறகுதான் தெரிந்தது. “எனக்குச் சம்பந்தம் உண்டு. எங்கள் வீட்டில் மனுப் போட்டிருக்கிறோம்.” வெளியே வந்து நடை பெஞ்சில் உட்கார்ந்தேன். சரோஜாவைக் கெடுத்துவிட்டேன் என்று அழுகை.

வாரியத்துக் கிளார்க் கோமதியக்கா கையில் தாளோடு வந்தாள். “இங்க ஒரு கையெழுத்துப் போடு.” போட்டேன். உள்ளே போய் அவள் சொன்னது கதவு வழியாக நன்றாகவே கேட்டது. “அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டுட்டா சார். சம்பந்தம் உண்டா இல்லியான்னு எல்லாரும் எழுதிக் கொடுங்க. ஃபைல்ல வைக்கணும்.” வாயால் இல்லை என்பது வேறு, எழுதிக் கையெழுத்துப் போடுவது வேறு.

கதவு திறந்தது. பேங்க்காரர். என் பக்கத்தில் உட்கார்ந்து, “கனடா” என்றார்.

அடுத்து யார் வந்தது? அதிகாரி! “என் மனைவி போட்டது. நான் இல்லை” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

உள்ளே இரண்டே பேர். கூட்டம் நடக்க மூன்று பேர் வேண்டும். நிபந்தனை விழுந்தது. நாளையே பட்டியல் போக வேண்டும், அதனால் இந்த வருஷம் பழைய விதிப்படி.

தலைவர் வெளியே வந்து எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபமில்லை. “எல்லாரும் போய்விட்டால் நான் யாரோடு கூட்டம் போடுவது?” என்றார். மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

சனி, ஜூலை 14

மறுபடி மழை. நேற்றுப் பட்டியல் ஒட்டினார்கள். சரோஜா பெயர் உண்டு. என்னைக் கட்டிப் பிடித்துக் கத்தினாள்.

வீட்டுக்கு வந்தால் பாயச வாசனை. நியூசிலாந்திலிருந்து கடிதம். அனுமதி கிடைத்துவிட்டது என்றாள் அம்மா. இங்கிலீஷ் முழுக்கப் படித்துச் சொல்ல என்னிடம் கொடுத்தார் அப்பா.

படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். மூன்று பேருக்குத்தான். எனக்கு வயது தாண்டிவிட்டதாம், மனு வந்த அன்றே. பிள்ளைகள் கணக்கில் சேர்க்க முடியாதாம். அந்த மனுவில் என் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை என்கிற மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

“உன்ன விட்டுட்டு எப்படிப் பாப்பா? வேணாம், கேன்சல் பண்ணிரலாம்” என்றார் அப்பா.

“தங்கச்சி படிக்கணும்ப்பா. போங்க” என்றேன்.

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அம்மா அடுப்பை அணைக்கவில்லை, பாயசம் அடிப்பிடிக்கிற வாசனை வீடெல்லாம்.