அறுபது மடங்கு

அட்-பாஷி,
புதன்கிழமை, நவம்பர் 23

மீரிமின் அப்பாவுக்கு,

சலாம். மீரிமும் நானும் நலம். இரண்டு பசுக்களும் குதிரையும் நலம். உங்கள் அப்பாவை மட்டும் இந்த வரிசையில் சேர்க்க முடியவில்லை. வெட்டிய காலில் புண் ஆறாமல் மேலே கறுத்துக்கொண்டு வருகிறது. சர்க்கரை உள்ள உடம்பு. முழங்காலுக்கு மேலே இன்னொரு தடவை வெட்டினால் பிழைப்பார், இல்லையென்றால் புது வருஷத்தைப் பார்க்கமாட்டார் என்று நரின் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிவரை கெடு. மாமா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கோபப்படாதீர்கள். வேலைக்குப் போன ஊரில் உங்கள் அறையில் எட்டுப் பேர். குரல் செய்தி அனுப்பினால் எட்டுப் பேரும் கேட்பார்கள். மீரிமின் கணக்கு நோட்டில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் சிக்னல் கிடைக்கிற பள்ளிக்கூட மேட்டுக்குப் போய், பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். வேலை முடிந்து, தனியாக ஓர் இடத்தில் உட்கார்ந்து படியுங்கள். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் எதுவும் செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சுலபமானது அதுதான். "அப்பாவ மலையிலேர்ந்து தூக்கிட்டு வந்து காப்பாத்தினவன் உன் தம்பி. அவனுக்கு இந்தத் தடவை நல்ல குழாயா வாங்கித் தர்றேன்" என்றீர்கள். கடையில் இரண்டு தொலைநோக்கிக் குழாய்கள் இருக்கின்றன, இரண்டும் ஒரே விலை, ஒன்று எழுபத்தைந்து மடங்கு காட்டும், மற்றது நாற்பத்தைந்துதான், எது வாங்கலாம் என்று கேட்டீர்கள்.

வாங்குவதென்றால் நாற்பத்தைந்து. பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் பார்த்துக் குழாய் வாங்குவது, கொம்பின் நீளத்தைப் பார்த்துப் பசு வாங்குகிற மாதிரி. ஒரே விலையில் எண் பெரிதாக இருக்கிறதென்றால் கண்ணாடியில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் எல்லாக் குழாயும் நன்றாகத்தான் காட்டும். பொழுது சாயும் நேரத்தில் வாசலுக்கு எடுத்துப் போய், தூரத்தில் ஏதாவது ஒரு மரக்கிளையைப் பாருங்கள். மடங்கை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். எந்த எண்ணில் படம் மோர் ஊற்றிய மாதிரி வெளுக்கிறதோ, அதற்கு மேல் உள்ளதெல்லாம் பெட்டிக்கு மட்டும்தான், மலைக்கு உதவாது. முன்கண்ணாடி அகலமாக இருந்தால் அந்தியில் வெளிச்சம் கூடும், முதுகில் சுமையும் கூடும். அறுபத்தைந்து மில்லிமீட்டர் போதும். கண் வைக்கிற பக்கம் சாய்வாக இருக்கட்டும். பாறைக்குப் பின்னால் தலை தெரியாமல் படுத்துக்கொண்டே பார்க்கலாம். மிச்சம் இருப்பதை நல்ல முக்காலியில் போட வேண்டும். முக்காலி காற்றில் ஆடினால் எவ்வளவு நல்ல கண்ணாடியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நீங்கள் முதல் குழாயை வாங்கும்போதும் இதையேதான் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "பொம்பளைக்கு என்ன தெரியும் குழாயப் பத்தி? இது அறுபது மடங்கு காட்டுது. நிலாவுல இருக்கிற குழிய எண்ணலாம்" என்றீர்கள். அதையும் சொல்ல வேண்டும், நிலாவின் குழிகள் நன்றாகவே தெரிந்தன. மீரிம் முப்பது வரை எண்ணினாள்.

ஆனால் தம்பி தாஷ்தானுக்கு வாங்காதீர்கள். அவன் யாரையும் காப்பாற்றவில்லை. மாமா தன் துப்பாக்கியால் தன் காலைச் சுட்டுக்கொள்ளவும் இல்லை. தாஷ்தான் சுட்டான். எங்கே சுட வேண்டும் என்று குழாயில் பார்த்துச் சொன்னவள் நான்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஒரு தடவை பசுவுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேல் பள்ளத்தாக்கில் வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்கு முகாம் போடுகிறவர்கள், சொந்தக் குழாய் வைத்திருக்கும் ஆட்களைத்தான் வேலைக்கு எடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தாஷ்தானுக்குக் குறி தப்பாது, ஆனால் கிட்டப்பார்வை. எனக்குக் கண் கூர்மை. அதனால் அவன் சுட, நான் பார்க்க என்று இந்த வருஷம் அக்காவும் தம்பியும் கிளம்பினோம். ஊர் சிரித்தது. மாமா மட்டும் "போய்ட்டு வா மருமவளே, கறி வந்தா எல்லாச் சிரிப்பும் அடங்கிரும்" என்றார். ஒரு மலையாட்டுக்கான அனுமதிச் சீட்டு தாஷ்தானிடம் இருந்தது. வயதான கிடாவை மட்டும்தான் சுடலாம். கொம்பில் எட்டுக் கணுவாவது இருக்க வேண்டும். சீட்டு அந்த வாரத்தோடு முடிகிறது.

மூன்றாம் தேதி, வியாழக்கிழமை. பகல் முழுக்கப் படுத்துக் கிடந்தும் ஒன்றும் தென்படவில்லை. ஐந்து மணிக்கு மேல், எதிர்ச் சரிவில் பழுப்பாக ஏதோ அசைந்து பாறையோரம் நின்றது. இருபது மடங்கில் வைத்துப் பார்த்தேன். குனிந்த முதுகு, அதற்கு மேலே பின்பக்கம் வளைந்த கொம்பு. தலை தெரியவில்லை. தலையைப் பார்க்காமல் இன்ன மிருகம் என்று பேர் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வேட்டையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. தாஷ்தானுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, கணு எத்தனை? இருட்டுது அக்கா, எண்ணிச் சொல்லு."

கணுவை எண்ணுவதற்காக வளையத்தைத் திருகி அறுபதுக்குக் கொண்டுபோனேன். படம் வெளுத்துவிட்டது. கொம்பு மட்டும்தான் குழாய் முழுக்க இருந்தது. எண்ணினேன். எட்டு. "எட்டு இருக்குடா" என்றேன்.

நான் எண்ணியது அர்ச்சா மரத்து வேரின் கணுக்கள். நிலக்கரி லாரி வரவில்லை. சாணி வறட்டிப் புகை மீரிமுக்கு இருமலைக் கொடுக்கிறது. அர்ச்சா வெட்டினால் அபராதம் என்பதால் மாமா யாரிடமும் சொல்லாமல் போய், காய்ந்த வேரைத் தோண்டி முதுகில் கட்டிக்கொண்டு, ஆட்டுத்தோல் கோட்டோடு குனிந்து வந்திருக்கிறார். மூச்சு வாங்கப் பாறையில் சாய்ந்து நின்றிருக்கிறார். அவருக்கு நாற்பது அடி கீழே குதிரை கட்டியிருந்தது. இருபதிலேயே விட்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருந்தால் குதிரை கண்ணில் பட்டிருக்கும். அறுபதில் அது குழாய்க்கு வெளியே போய்விட்டது.

சுட்ட பிறகும் பார்க்கிறவர் குழாயிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது. பட்டதா, விழுந்ததா, எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல வேண்டும். நானும் எடுக்கவில்லை. கொம்பு தனியாகக் கழன்று உருண்டது. உருவம் எங்கள் பக்கம் திரும்பியது. பதினொரு வருஷம் உங்கள் வீட்டு மருமகள் நான். தேநீர்க் கிண்ணம் நீட்டும்போதுகூட மாமாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. அவர் கையைத் தெரியும், பூட்ஸ் சத்தம் தெரியும், இருமல் தெரியும். முகத்தை முழுதாக, நேருக்கு நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். வாய் திறந்திருந்தது. அவ்வளவு தூரத்தில் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் தாஷ்தான், "விழுந்துச்சா அக்கா? விழுந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

நாங்கள் ஓடிப் போய்ச் சேரும்போது அவர் பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பெல்ட்டால் காலைத் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். என் தலைத்துணியை அவிழ்த்துச் சுற்றினேன். தாஷ்தான் தரையில் விழுந்து கத்தினான். மாமா அவனைப் பார்த்து, "அழாதடா கழுத. குதிரயக் கொண்டா மொதல்ல" என்றார். என்னிடம், "மருமவளே, ஊருக்குள்ள போறதுக்கு முன்னாடி தலைல எதையாச்சும் போட்டுக்க, நாலு பேர் பாப்பாங்க" என்றார். அந்த நிலைமையில் அவருக்கு என் தலைத்துணிதான் கவலை.

குதிரையின் சேணத்தில் அவருடைய பழைய துப்பாக்கி இருந்தது. அதை வாங்கி வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு வைத்தார். காலித் தோட்டாவைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். குண்டு காலைத் துளைத்து வெளியே போயிருந்ததால் வேறு எதையும் யாரும் தேட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. "என் துப்பாக்கி வழுக்கி வெடிச்சிருச்சு. சத்தம் கேட்டு நீங்க வந்தீங்க. இவன் ஜெயிலுக்குப் போனா உங்க அம்மா தாங்க மாட்டா. நீ போனா மீரிம்? மூணு பேரைத் தாண்டி நாலாவது ஆளுக்குத் தெரிஞ்சுது, அப்புறம் எனக்கு நீங்க யாரும் இல்ல" என்றார். உங்களுக்கும் தெரியக்கூடாது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அந்த வார்த்தையைத்தான் இப்போது மீறுகிறேன்.

போலீஸ் நம்பியது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்கள். ஊரும் நம்பியது. "அம்பது வருஷம் ஆட்டச் சுட்டுட்டு, கடைசில தன் காலயே சுட்டுக்கிட்டாரே" என்று ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த பெரியவர்களே கேலி செய்தார்கள். மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். "ஆடு ஓடிருது, கால் ஓடாதில்ல" என்றார். அந்தக் கேலியெல்லாம் அவரை ஒன்றும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசினீர்கள். அவருக்குக் காது மந்தம் என்பதால் போனைச் சத்தமாக வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது நான். "துப்பாக்கி பிடிக்கத் தெரியாத வயசுல மலைக்கு எதுக்குப்பா போன? ரெண்டு மாசமா ராத்திரி பகலா செங்கல் சுமந்ததெல்லாம் உன் காலுக்கே போகுது. நீயே சுட்டுக்கிட்ட, நீயே அனுபவி" என்றீர்கள். வார்டில் இருந்த நான்கு கட்டில்காரர்களும் கேட்டார்கள். அவர் "சரிடா மகனே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை மீரிமிடம் கொடுக்கச் சொன்னார். அன்றைக்கு ராத்திரியிலிருந்து சூப்பைக்கூட வாயில் வைக்கவில்லை. டாக்டர் வந்து காலைப் பற்றிச் சொன்னபோது, "வேணாம் தம்பி. அனுபவின்னு என் மகன் சொல்லிட்டான். அனுபவிச்சிட்டுப் போறேன்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். டாக்டருக்கு அது வேடிக்கைப் பேச்சாகப் பட்டிருக்கும்.

எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. பிறகு யோசித்தேன், இவருக்கு என்ன தெரியும், நாம் சொன்ன பொய்யை நம்பித்தானே திட்டுகிறார் என்று. உங்கள் கோபத்துக்கு உரியவள் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மலையில் பேசக்கூடாத நேரத்தில் பேசினேன், ஆஸ்பத்திரியில் பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்தேன். இரண்டும் என் தப்பு.

நீங்கள் வாங்கித் தந்த குழாய் மட்டமானது என்று உங்கள் தலையில் கொஞ்சம் இறக்கி வைக்க எனக்கு ஆசை வந்ததும் உண்மை. மேலே எழுதினதில் அந்த வாசனை அடித்திருக்கும். அதைப் பொருட்படுத்தாதீர்கள். குழாய் தெளிவாகக் காட்டுவதாகப் பொய் சொல்லவில்லை. மங்கலாகத்தான் காட்டியது. மங்கலாகத் தெரியுதுடா, விட்டுடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு அவர் இரண்டு காலோடு வீட்டில் உட்கார்ந்து என் உப்புத் தேநீரில் உப்புக் குறைவு என்று சொல்லிக்கொண்டிருப்பார். தம்பியின் முன்னால் எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டேன். இத்தனை நாள் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு முன்னால் ஒரு கிடாவைக் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்ற வீம்பு.

தாஷ்தான் காலையும் மாலையும் வந்து நம் மாட்டுக் கொட்டிலைச் சுத்தம் செய்கிறான். யார் முகத்தையும் பார்ப்பதில்லை. போலீசில் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று இரண்டு தடவை கிளம்பினான். அவன் போனால் கையில் ஏறும் மருந்துக் குழலைப் பிடுங்கிப் போட்டுவிடுவேன் என்று மாமா சொல்லி அனுப்பியதால் நிற்கிறான். அவனை நீங்கள் என்ன செய்வதாக இருந்தாலும் மாமா எழுந்த பிறகு செய்யுங்கள். அவனும் அதற்குத் தயாராகத்தான் இருக்கிறான்.

நாளைக்கு மத்தியானம் மீரிமை அம்மாவிடம் விட்டுவிட்டு நரினுக்குப் போகிறேன். ராத்திரி மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பேன். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு டாக்டர் வருவதற்கு முன்னால் கூப்பிடுங்கள். உண்மை தெரியும் என்று அவரிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். எல்லாரையும் காப்பாற்றிவிட்டேன் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கட்டிலில் கிடக்கிறார். அது அவரிடமே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கோபத்தில் பேசிவிட்டேன் அப்பா, காலை எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு நீ வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அவர் பிடிவாதம் பிடித்தால் கெஞ்சுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். மகன் அழுதால் அவர் தாங்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். போனை அவர் காதில் வைத்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன்.

என்னைப் பற்றிப் பிறகு முடிவு செய்யுங்கள். அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னால் போகிறேன். மீரிமைப் பற்றி என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேச மாட்டேன். இந்தக் கடிதத்தில் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்டால் அவருடைய உயிரைக் காட்டி உங்களிடம் பேரம் பேசுவது போல ஆகும். குழாய்க்கு எடுத்து வைத்த பணத்தில் ஊருக்கு டிக்கெட் எடுங்கள். தந்தையும் மகனும் ஒரு வீட்டில் உட்கார்ந்து ஒரே ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடும் நாளை அல்லா சீக்கிரம் தரட்டும். நான் அந்த வீட்டில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

பதினொரு வருஷமாகக் கடிதத்தின் முடிவில் என் பெயருக்கு முன்னால் 'உங்கள்' என்று போட்டு வந்திருக்கிறேன். இன்றைக்குப் போடக் கை வரவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

புருலாய்