பயாப்சித் தாளின் கடைசி வரி

மதினி,

காலையில் பன்னீர் திராட்சை வாங்கி வந்தேன். பையைத் திறந்ததும் எழுந்த வாசனை என்னை பீரோவரை கொண்டுபோய்விட்டது. நீங்கள் போன பிறகும் தூக்கிப்போடாத உங்கள் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து மடியில் வைத்திருக்கிறேன்.

மலம் கறுப்பாகப் போகிறது என்று நீங்கள் சொன்னபோது நம்மில் யாரும் பயப்படவில்லை. திராட்சை வெட்டுக்கு முன்னால் பந்தல் பந்தலாகப் பழத்தைக் கடித்து இனிப்புப் பார்ப்பது உங்கள் வேலை. "கறுப்புப் பழத்தத் தின்னா வேற எப்படிப் போகும்?" என்றார் அண்ணன். நானும் கூடச் சிரித்தேன். பந்தலுக்கடியில் நீங்கள் மயங்கி விழுந்த பிறகுதான் தேனிக்குப் போனோம். வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், இரைப்பையில் ஒரு மேடு தெரிகிறது, கிள்ளிச் சதை எடுத்து அனுப்புகிறேன் என்றார்.

ரிசல்ட்டை வாங்கி வந்தவள் நான். ஓடைப்பட்டித் தோட்டத்தில் பழப்பெட்டிகளுக்கு நடுவே நின்று, "மதினி, நார்மல்னு போட்டிருக்காக" என்றேன். "அப்பச் சரி ஆத்தா, மொதல்ல இந்தப் பழத்த வெட்டி ஏத்தி விட்ருவோம்" என்றீர்கள். தாளில் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: எடுத்தது மேல்தோல் மட்டுமே, மேட்டை எட்டவில்லை, ஸ்கேன் பொருத்திய குழாயால் மறுபடி பார்க்க வேண்டும். அதை நான் உங்களுக்கு வாசித்தேனா? கேட்டுவிட்டுத்தான் பழம் முதலில் என்றீர்களா? எத்தனை தரம் அந்த இடத்துக்குத் திரும்பிப் போனாலும் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு மூன்று பழவெட்டு முடிந்துதான் மதுரைக்குப் போனோம். கட்டி இரைப்பைச் சுவருக்குள்ளேயே வளர்ந்து ஈரலுக்கும் போய்விட்டதாம். "நார்மல்னு சொன்னாகளே" என்று அண்ணன் திணறினார். பதில் நீங்கள் சொன்னீர்கள்: "தோலத் தடவிப் பாத்தா பழம் இனிக்குமான்னு தெரியுமா? கடிக்கணும்ல." டாக்டரே சிரித்துவிட்டார். என் பக்கம் மட்டும் நீங்கள் திரும்பவில்லை. என்னைக் காப்பாற்றத்தானா, அல்லது அப்படியொரு வரி இருந்ததே உங்களுக்குத் தெரியாதா?

அந்த வரியின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு திராட்சைக் கறை. "இது என்னத்தா எழுதியிருக்கு?" என்று நீங்கள் தொட்டுக் கேட்டதாக இருக்கலாம். ஆனால் அன்று நானும் பழம் தின்றுகொண்டுதான் நின்றேன்.

இப்போது தெருவில் யார் ரிப்போர்ட் கொண்டுவந்தாலும் கடைசி வரியைத்தான் முதலில், சத்தமாக வாசிக்கிறேன். "நார்மல்தானக்கா?" என்று கேட்கிறார்கள். அந்த ஒரு சொல் மட்டும் என் வாயில் வருவதில்லை, மதினி.