அகலச் சக்கரம் வேண்டாம், அத்தான்

அத்தான்,

ஆப்பம் ஹாட்பாக்ஸில் இருக்கிறது, தேங்காய்ப்பால் ஃப்ரிட்ஜில். காரைக் காணோமென்று பதறாதீர்கள். தரையோடு ஒட்டிக் கிடக்கும் உங்கள் பழைய ஸ்போர்ட்ஸ் காரை நான்தான் எடுத்துப் போகிறேன்.

"சக்கரத்தைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்று ராத்திரி கேட்டீர்களே, எனக்குத் தூக்கமே வரவில்லை. விடிந்ததும் டயர்க்கடை சுடலைமுத்து அண்ணாச்சியை வரவழைத்து, நீங்கள் ஆசைப்பட்ட அகலச் சக்கரத்தை முன்னால் மாட்டிப் பார்த்தோம். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்ததும் டயர் மட்கார்டில் உரசி அலறியது. தெருவே எட்டிப் பார்த்தது. நீங்கள் மட்டும் குறட்டை.

"சக்கரம் பழைய அளவே இருக்கட்டும், டயரை மட்டும் கொஞ்சம் உசரமாப் போடுங்க. வேகத்தடையில வண்டி வயிறு தட்டாதுல்லா?" என்றேன்.

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன் தாயி. சார்வாள்ட்ட யாரு சொல்லுதது?" என்று சிரித்தார் அண்ணாச்சி.

நீங்கள் மயங்கிய அந்த நட்சத்திர டிசைன் பழைய அளவிலும் அவர் கடையில் இருக்கிறதாம். நாலு பக்கமும் அதையே மாட்டிக்கொண்டு வருகிறேன். எனக்குக் கோபம் பாதி போய்விட்டது.

ஸ்வீட்லின்

என் ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சாவி ஷோகேஸில்.

எழுத இடமில்லை, இருந்தாலும்: சாயங்காலம் முக்கூடல் வரை ஒரு சுற்றுப் போவோம். நான்தான் ஓட்டுவேன்.