பிரெஞ்சு டிவியில் பவுனம்மாள்

1986 மார்ச் 11, செவ்வாய்

கனடாவின் பிரெஞ்சு தொலைக்காட்சிக் குழுவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். மாலை வகுப்பில் படித்த பிரெஞ்சுக்கு நான் இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் இதுவரை ஒரு வேலையும் இருந்ததில்லை. கனடாவில் ஆங்கிலத்துக்குத் தனி டிவி, பிரெஞ்சுக்குத் தனி டிவியாம். இங்கே டிவியில் தமிழுக்குக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தைச் சொன்னேன். இயக்குநர் லூக் சிரித்தார். நாளை கிள்ளானுக்கு அப்பால் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டம்.

மார்ச் 12

களைக்கொல்லி அடிக்கும் பவுனம்மாள் பேசினார். நகம் கழன்ற விரல்களைக் காட்டினார். மூக்கில் ரத்தம் வருகிறதாம். மேனேஜரிடம் சொன்னால் "பால் குடி" என்பாராம்.

நடுவில் என்னைக் கேட்டார்: "இது இங்க டிவில வராதுதானே, தங்கச்சி?"

"வராதுக்கா. கனடாவுல, அதுவும் பிரெஞ்சுல. இங்க யாரு பாப்பாங்க லா?"

முகத்தை மறைத்துக் காட்டட்டுமா என்று அவரிடம் கேட்கச் சொன்னார் லூக். நான் கேட்கவில்லை. "மறைக்க வேண்டாமாம்" என்று சொல்லிவிட்டேன். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கேட்டால் பயந்து எழுந்துவிடுவாரோ என்று — இல்லை. லூக் என்னைக் கெட்டிக்காரி என்று நினைக்க வேண்டும். அதுதான்.

ஆகஸ்ட் 19

தொழிற்சங்கத்து நாகையா தேடி வந்தார். தோட்டத்து எண்ணெய் வாங்கும் கனடாக்காரர் யாரோ நிகழ்ச்சியைப் பதிவு செய்து அனுப்பிவிட்டாராம். மேனேஜர் ஆபீசில் வீடியோ போட்டுப் பார்த்திருக்கிறார். பிரெஞ்சு புரியவில்லை. முகம் புரிந்தது.

பவுனம்மாளுக்கு வேலை போய்விட்டது. தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டுமாம்.

ஆகஸ்ட் 20

சோறு இறங்கவில்லை. அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்த மனுசி சொன்னதைத்தானே நீ சொன்னனி, பிள்ளை. உன்னில என்ன பிழை?"

லூக் கேட்கச் சொன்னதை அப்பாவிடம் சொல்லவில்லை. வாய் வரலையே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பஸ் பிடித்துப் போனேன். பவுனம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டுவதை நிறுத்தவில்லை.

"கேட்டிருந்தா மறைச்சிடுன்னுதான் சொல்லியிருப்பேன்." பிறகு, "அந்த வெள்ளக்காரனுக்குத் தோணியிருக்கு. உனக்குத் தோணல."

நாகையா தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்திருக்கிறார். இவளே வலியப் போய் டிவியில் பேசினாள் என்கிறாராம் மேனேஜர்.

"நான் வந்து சொல்றேன்க்கா."

"வா. ஆனா பாதிய முழுங்கிடாத."

செப்டம்பர் 9

கிள்ளானில் விசாரணை. முகம் காட்ட இவர் சம்மதித்தாரா என்று அதிகாரி கேட்டார். "இவரிடம் கேட்கவே இல்லை. கேட்கச் சொன்னார்கள். நான் கேட்காமல் பொய்ப் பதில் சொன்னேன்" என்றேன். மலாயில் சொல்லிவிட்டு, பவுனம்மாள் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னேன். அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் நீங்கள் இப்போது சொல்வதை மட்டும் எப்படி நம்புவது என்று மேனேஜர் தரப்பு ஆள் கேட்டார். நியாயமான கேள்வி.

அக்டோபர் 2

நாகையா போன் செய்தார். இலாகா சொன்னதால் பவுனம்மாளை மறுபடி சேர்த்துக்கொண்டார்களாம். இனி நாற்றுப் பண்ணையில் வேலை, மருந்தடிக்க வேண்டாம். வீடும் தப்பியது.

"அக்கா என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"உங்க பேச்சே வரலம்மா."