கூடிக்கொண்டே போகும் ஆயில்

9 அக்டோபர் 2024, புதன்

காலையில் காரின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்த்தேன். மேல் கோட்டைத் தாண்டி ஆறு மில்லிமீட்டர். ஆகஸ்ட் 14 அன்று ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றியபோது சரியாகக் கோட்டில் நின்றது. அதன்பின் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. இல்லை, ஊற்றியதாக நினைவில்லை என்று எழுதுவதே சரி.

பதறாமல், வரிசையாக:

1. இன்ஜினில் ஆயில் குறையும், அல்லது அப்படியே இருக்கும். தானாக ஒருபோதும் அதிகரிக்காது. பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் பராமரிப்புப் பொறியாளராக இருந்தவனுக்கு இது தெரியும்.
2. ஆகவே யாரோ ஊற்றியிருக்கிறார்கள்.
3. கொட்டகைச் சாவி என் சட்டைப்பையில்தான். மனைவி மிலேவா இறந்த பிறகு இந்த வீட்டில் வேறு ஆளில்லை. ஆகவே ஊற்றியது நான்; ஊற்றிவிட்டு மறந்திருக்கிறேன்.
4. இது உறுதியானால், நவம்பர் 12 ஓட்டுநர் உரிம மருத்துவப் பரிசோதனையில் டாக்டரிடம் நானே சொல்லிவிட வேண்டும். காரையும் விட்டுவிட வேண்டும்.

இந்த முழங்காலோடு, கார் இல்லாமல் மேட்டு வீட்டிலிருந்து ஊருக்குள் இறங்க முடியாது. இறங்காவிட்டால் நாளொன்றுக்கு ஒரு மனித முகம்கூடப் பார்க்க முடியாது.

11 அக்டோபர்

ஆயில் கேனின் மூடிமேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்திட்டேன். தேதியும் போட்டேன். என்னிடமிருந்தே என் கேனைப் பூட்டி வைக்கிறேன். எழுபத்தெட்டு வயதில் இது ஒரு வேலை.

12 அக்டோபர்

ரொட்டிக்கடை. திரும்பினேன். யாரும் பேசவில்லை.

17 அக்டோபர்

பக்கத்து வீட்டு ஸ்தாமெனா பிளம் ஜாம் கொண்டுவந்தாள். நான் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தேன்.

"ரொட்டிக்கடை தொள்ளாயிரம் மீட்டர் இருக்குமா? அதுக்கு ஒரு காரு! உங்க மகன் ஜெர்மனியில நெடுஞ்சாலையில பறந்த வண்டி இது. இங்க வந்து ரொட்டி சுமக்குது, பாவம்."

"முழங்கால், ஸ்தாமெனா."

"முழங்கால் எனக்கும் ரெண்டு இருக்கு, இன்ஜினியரே."

சிரித்துவிட்டுப் போனாள். அவளிடம் கேட்கலாமா என்று யோசித்தேன் — நான் ஏதாவது ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்கிறேனா என்று. கேட்கவில்லை. கேட்டால் மாலைக்குள் மொராவிசா ஆற்றங்கரை முழுக்கத் தெரிந்துவிடும்.

24 அக்டோபர்

இன்னும் மூன்று மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது. காகிதம் கிழியவில்லை. கையெழுத்து என்னுடையதுதான்.

வேறொரு கேன் வாங்கி எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கிறேனா? கொட்டகை, நிலவறை, மிலேவாவின் தையல் அலமாரி — எல்லாவற்றையும் தேடினேன். அவளுடைய குளிர்காலக் கையுறை கிடைத்தது. கேன் இல்லை.

25 அக்டோபர்

உதிரிபாகக் கடைக்குப் போய், "சமீபத்தில் நான் ஆயில் வாங்கினேனா?" என்று கேட்டேன். கடைக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்த விதம் பிடிக்கவில்லை. "ஆகஸ்ட்ல வாங்குனீங்களே. ஃபில்டரும் சேர்த்து. ஏன், தாத்தா, உடம்பு சரியில்லையா?"

தாத்தா என்கிறாள். போன வருடம்வரை இன்ஜினியர்.

என்ன ஆச்சு எனக்கு? யாரிடம் போய்ச் சொல்வேன்? மகன் நெனாதுக்கு ஃபோன் போட்டா உடனே முதியோர் இல்லம்னுதான் ஆரம்பிப்பான். ரெண்டு தடவை நம்பரை அடிச்சேன். வெச்சிட்டேன்.

29 அக்டோபர்

தூக்கம் வராமல் கிடந்தபோது மிலோய்கோவின் கையெழுத்து ஞாபகத்துக்கு வந்தது.

1986. பணிமனைப் பராமரிப்புப் பதிவேடு, பத்தொன்பதாம் எண் பேருந்து. அந்த வண்டியைக் கவனித்த மெக்கானிக் மிலோய்கோ எழுதியிருந்தான்: "ஆயில் கூடியிருக்கிறது. இரண்டு விரல் அளவு." நான் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் எழுதினேன்: "ஆயில் ஒருபோதும் அதிகரிக்காது. பார்க்காமல் எழுதியது." மறுவாரம் அவன் மறுபடியும் அதையே எழுதினான். பிடிவாதம் என்று நினைத்தேன். மூன்று மாதத்தில் கோலியா மலை ஏற்றத்தில் இன்ஜின் இறுகி நின்றது. அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் "மெக்கானிக்கின் அலட்சியம்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவனைப் பேருந்து கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள். இரண்டு குளிர்காலம் பனித்தண்ணீரில் நின்றான்.

பார்க்காமல் எழுதியது யார்? அந்த டிப்ஸ்டிக்கை நான் ஒரு முறையாவது கையில் எடுத்தேனா?

எடுக்கவில்லை.

4 நவம்பர்

மிலோய்கோ ஊர் எல்லையில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். வாசல்வரை போனேன். உள்ளே வெளிச்சம் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

5 நவம்பர்

அதேதான்.

6 நவம்பர்

இன்று மறித்துவிட்டான். மூன்றாவது நாளாக வாசலில் வண்டி வேகம் குறைந்ததைப் பார்த்து வெளியே வந்து கையைக் காட்டினான்.

"என்ன இன்ஜினியரே, வேவு பாக்குறீங்களா? உள்ள வாங்க. கடிக்க மாட்டேன். பல்லே பாதிதான் இருக்கு."

ஆயில் ஏறுகிறது என்று சொன்னேன். நானே ஊற்றிவிட்டு மறக்கிறேன் போலிருக்கிறது என்றும் சொன்னேன். இதை உரக்கச் சொன்னது இதுதான் முதல் முறை. அவன் சிரிக்கவில்லை. டிப்ஸ்டிக்கை உருவினான். பார்க்கவில்லை; மூக்கருகே கொண்டுபோய் மோந்தான். பிறகு என் மூக்கருகே நீட்டினான்.

டீசல் வாசனை.

"புகைக்குழாய்ல கரி புடிக்குற ஃபில்டர் ஒண்ணு இருக்கு. அது நெறைஞ்சா, கூடுதலா டீசல் விட்டுச் சூடேத்தி, தானே எரிச்சுக்கும். அதுக்கு அரைமணி நேரமாவது நல்ல ஓட்டம் வேணும். நீங்க எவ்வளவு ஓட்டுறீங்க?"

"ரொட்டிக்கடைவரை."

"அப்புறம்?"

"வீடுவரை."

"அதான். பாதியில அணைச்சுடுறீங்க. எரியாத டீசல் சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு கீழ ஆயில்ல கலக்குது. தினமும் கொஞ்சம். இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா ஆயில் தண்ணியாகி பேரிங் போயிருக்கும். உங்க மூளைக்கு ஒண்ணும் இல்ல. வண்டிக்குத்தான் ஊர் சுத்தணும்."

ஆயிலை இறக்கினான். ஆயில் ஃபில்டரைக் கழற்றிப் புதியது போட்டு, ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினான். கணினியைச் செருகி இன்ஜினை உறும விட்டுக் கரியை எரித்தான். பட்டறையெங்கும் சூடான இரும்பு வாசனை. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "பத்தொன்பதாம் நம்பர்லயும் இதே வாசனைதான். அதுல டீசல் பம்ப் சீல் ஒழுகிச்சு."

நான் தலையாட்டினேன். காரில் ஏறினேன்.

கோழை.

12 நவம்பர்

பரிசோதனை முடிந்தது. கண், காது, அனிச்சைச் செயல் எல்லாம் சரி. மூன்று வருடத்துக்கு உரிமம். டாக்டரிடம் சொல்ல எதுவும் இல்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்து, இந்த நல்ல செய்தியை யாரிடம் சொல்வது என்று யோசித்தேன்.

16 நவம்பர்

மிலோய்கோ சொன்னபடி நீண்ட ஓட்டம். சாச்சக் நகரம்வரை போய்த் திரும்பினேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. பெட்ரோல் பங்க்கில் ஒரு காபி. பக்கத்து மேசைக்காரர் சர்க்கரை கேட்டார். கொடுத்தேன். அவ்வளவுதான் பேச்சு.

ஆயில் சரியாகக் கோட்டில்.

20 நவம்பர்

நாளை தேவதூதர் மிக்கேல் நாள். மிலோய்கோ குடும்பத்தின் காவல் புனிதர் அவர்தான்; அன்று அவன் வீட்டில் விருந்து. அந்த நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. வர வேண்டியவர்கள் வருவார்கள். பணிமனைக் காலத்தில் ஒவ்வொரு வருடமும் போவேன். 1986 முதல் போகவில்லை. அழைப்பு என்று ஒன்று இருந்தால், அழைக்கவில்லையே என்று சும்மா இருந்துவிடலாம். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

வர வேண்டியவன்தானா நான்?

21 நவம்பர், வியாழன்

போனேன். ஒரு குப்பி ஒயின், ஒரு பொட்டலம் காபி. கதவைத் திறந்தது அவன் மனைவி திவ்னா. ஒரு நொடி பார்த்தாள். பிறகு வழக்கப்படி சர்க்கரையும் வாதுமையும் கலந்த வேகவைத்த கோதுமைக் கிண்ணத்தை நீட்டினாள். சிலுவையிட்டு ஒரு கரண்டி வாயில் போட்டேன். இந்த நாளில் வாசலுக்கு வந்தவனை ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள்.

மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர், பாதிப் பேர் பழைய பணிமனை ஆட்கள். யாரோ, "வழி தப்பிட்டீங்களா, இன்ஜினியரே?" என்றார்கள். சிலர் சிரித்தார்கள்.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். நின்றபடி சொன்னேன்: "பத்தொன்பதாம் எண் பேருந்தில் ஆயில் கூடியது உண்மை. மிலோய்கோ பார்த்துத்தான் எழுதினான். நான்தான் பார்க்காமல் அடித்தேன். இன்ஜின் போனது என்னால்."

திவ்னா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் மேசையில் இல்லாத கறையைத் துடைத்தாள். கழுவுமிடத்தில் வெடித்த அவன் கைகளுக்கு இரண்டு குளிர்காலம் பன்றிக் கொழுப்பு தடவியவள் அவள்.

"முப்பத்தெட்டு வருஷம்," என்றான் மிலோய்கோ. "பழைய டீசல் இன்ஜின். குளிர்ல கிளம்ப நேரம் ஆகும்." எழுந்து சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டான். "உக்காருங்க. கோஸ் இலைச் சுருள் ஆறுது."

மன்னித்தானா? அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் பரிமாறினார்கள். கிளம்பும்போது திவ்னா மிச்சத்தைப் பாத்திரத்தில் கட்டிக் கொடுத்து, "பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டாந்துடணும்," என்றாள், கொஞ்சம் கடுமையாகவே.

அக்டோபர் 9 பக்கத்தைத் திருப்பி, 'தானாக ஒருபோதும் அதிகரிக்காது' என்ற முதல் குறிப்பைச் சிவப்பு மையால் அடித்தேன். ஓரத்தில் எழுதினேன்: தவறு. 1986இலும் தவறு. பார்க்காமல் எழுதியது.