ஆள் இல்லாத கரை தேடிய கதை

லாசி, சிக்கிஹோர் தீவு
ஞாயிறு, பூசை முடிந்த பிறகு

அன்பு மகள் ஜோவெலினுக்கும் பேத்தி மிக்காவுக்கும் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் மூச்சோடும் பசியோடும் இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீங்களும் அப்படியே இருக்க மாதா துணையிருக்கட்டும். என் முழங்கால் மழைக்கு முன்னால் வலித்து, மழை வந்ததும் நின்றுவிடுகிறது, அதனால் பக்கத்து வீட்டுக்காரிகள் துணி காயப்போடுவதற்கு முன் என்னைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். போனில் வந்த ஒரு சொல்லால் நான் பட்ட பாடு போதும் என்றுதான் தாளில் நீளமாக எழுதுகிறேன். உன் சித்தி மகள் வில்மா இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

அந்தச் சொல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வருகிறோம் அம்மா, மிங்காவ் கடற்கரை, என்று அனுப்பினாய். முன்னும் இல்லை பின்னும் இல்லை. ஆள் இல்லாமல் வெறிச்சென்று கிடக்கும் இடத்துக்கும் நாம் மிங்காவ் என்கிறோம், ஆளைக் காணாமல் மனசு ஏங்குவதற்கும் அதே மிங்காவ்தான். நான் எதை எடுத்துக்கொள்வது? மகள் கடற்கரையை நினைத்து ஏங்குகிறாள் என்றுதான் பெற்றவளுக்குத் தோன்றும். உடனே மரியா ஊர்ப் பெரிய கடற்கரையில் நீளக் கொட்டகையைப் பிடித்துவைத்தேன், சுடுவதற்குப் பன்றி சொன்னேன், பாடுகிறவர்களுக்குக் கரோக்கி பெட்டி சொன்னேன், உன் அப்பாவின் அக்கா எஸ்தெலிதாவைத் தவிர உறவில் ஒருத்தரையும் விடாமல் வாருங்கள் என்று அழைத்தும் முடித்தேன். வில்மா ஓடிவந்து, “பெரியம்மா, அவ சத்தமில்லாத இடம் கேக்குறா. கூட்டத்தைப் பாத்தா அடுத்த படகுலயே திரும்பிருவேன்னு எங்கிட்ட சொன்னா” என்றாள். மறுபடி வீடு வீடாகப் போய் வராதீர்கள் என்று சொல்லுவது எவ்வளவு கேவலம் தெரியுமா. பன்றிக்காரன் மட்டும் சிரித்துக்கொண்டே, “பன்னி பொழச்சது போ, உம் மகளுக்கு அதை மெழுகுவத்தி ஏத்தச் சொல்றேன்” என்றான்.

திரும்பிவிடுவேன் என்றால் நீ திரும்பிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். போன தடவை ஊர்த் திருவிழாவில் நடந்தது அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. மிக்காவுக்கு மஞ்சள் கவுன், வெள்ளைக் காலுறை, பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் வீறிட்டது. அந்த எஸ்தெலிதா, வாயில் இறைச்சியை வைத்துக்கொண்டே, “பிள்ளைக்குள்ள எதுவோ பூந்திருக்கு, வைத்தியக்காரிகிட்ட கூட்டிட்டுப் போயி புகை போடுங்க” என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். அன்றைக்கு நீ பெட்டியைக் கட்டியவள் இன்னும் வரவில்லை. பேத்தி வளர்ந்ததை நான் கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு திரையில்தான் பார்க்கிறேன். அதனால் இந்தத் தடவை கரையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று, மூன்று சக்கர வண்டிக்கார நார்டோவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இத்தனை வயசுக்கு மேல் எனக்கு ஒரு புதுக் கேள்வி வந்துவிட்டது. நம் தீவைச் சுற்றி மணலுக்கா பஞ்சம், ஆனாலும் சில கரைகளுக்கு ஏன் ஒருத்தரும் போவதில்லை? பார்த்தால், சும்மா கிடக்கிற கரை என்று ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தோண்டித் தெரிந்துகொள்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. சான் ஹுவான் பக்கம் ஒரு விடுதி முன்னால் அழகான மணல், ஒரு சத்தமும் இல்லை, ஆகா என்று காலை நீட்டினேன். காவல்காரன் வந்து, “பாட்டி, இங்க தங்கியிருக்கீங்களா?” என்றான். இந்தத் தீவிலேயே பிறந்தவளிடம் தங்கியிருக்கிறாயா என்று கேட்கிறான். அவன் தாடையில் மச்சம் இருக்கிறது, நான் மறக்க மாட்டேன். அங்கே பொழுது சாய்ந்தால் மேளம் தட்டுவார்களாம், நமக்கு ஆகாது. கிழக்கே இன்னொரு கரை, அங்கே மீன்காரிகளைக் கேட்டேன், தண்ணீருக்குள் கால் வைக்கிற இடமெல்லாம் கறுப்பு முள்ளாகக் கடல் முள்ளெலிகள் என்றார்கள். செருப்போடு இறங்கலாம். அதை இரண்டாவதாக வைத்திருக்கிறேன். நடுவில் ஆலமரத்தடியில் ஒரு வேடிக்கை நடந்தது. நார்டோ வழக்கப்படி மரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கிறவர்களிடம் வழிகேட்டு ஹாரனை மூன்று தடவை அடித்தான். நாளைக்குப் பிள்ளை வந்து வண்டியில் இருக்கும்போது இப்படி அடிக்காதே என்றேன். “அக்கா, அடிக்காமப் போனா அவங்களுக்குக் கோவம் வரும், டயரு வெடிக்கும்” என்றான். அவர்களுக்குக் காது கேட்காதா, வாயால் கேளடா என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, “சரி, மெதுவாச் சொல்றேன், ஆனா நீங்களும் கூடச் சொல்லணும், என் ஒருத்தன் பேச்சை நம்பமாட்டாங்க” என்றான். ஆக அதுவும் பேசி முடித்தாயிற்று.

இனிமேல் எழுதுவதைக் கோபப்படாமல் படி. எனக்குப் பிடித்த கரை எஸ்தெலிதாவின் தென்னந்தோப்புக்குப் பின்னால் இருக்கிறது. சின்ன வளைவு, இரண்டு பக்கமும் பாறை, உள்ளே தண்ணீர் தொட்டிலில் கிடப்பது மாதிரி கிடக்கிறது, அலை வெளியிலேயே உடைந்துவிடுகிறது. இவ்வளவு நல்ல கரைக்கு ஏன் யாரும் போவதில்லை என்று கேட்டதற்கு நார்டோ வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தான். “அந்தம்மா வாசலைத் தாண்டிப் போகணுமே, யாருக்குக்கா தைரியம்?” என்றான். கேட்டாயா, முள்ளும் இல்லை பேயும் இல்லை, உன் அத்தையின் வாய்க்குப் பயந்தே ஒரு கடற்கரை காலியாகக் கிடக்கிறது.

அந்த வாசலை மிதிப்பதில்லை என்று நான் சொல்லியிருந்தது உனக்குத் தெரியும். வண்டியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மிக்காவை நினைத்துக்கொண்டு இறங்கினேன். எஸ்தெலிதா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிராமலே, “என்ன சியோன், நான் செத்தாத்தான் நீ வருவேன்னு நெனச்சேன், முன்னாடியே வந்துட்ட” என்றாள். “நீங்க சாகுற மாதிரி தெரியல மதினி, அதான் வந்தேன்” என்றேன். விஷயத்தைச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பிள்ளை ஏன் காதைப் பொத்துகிறது, உள்ளே என்னதான் கேட்கிறது என்று கேட்டாள். வம்புக்குக் கேட்கவில்லை, எனக்கு வம்பு தெரியும். நீ எனக்குச் சொன்னதையே சொன்னேன். நமக்கு ஒரு சத்தம் முன்னால் வந்து மற்றதெல்லாம் பின்னால் போய்விடுகிறது, அவளுக்கு விசிறியும் நாயும் கரண்டியும் பேச்சும் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே உயரத்தில் கேட்கிறது என்றேன். எஸ்தெலிதா கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்து கேட்டுப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரருடைய சண்டைச் சேவல்கள் வழி நெடுகக் கட்டிக் கிடக்கின்றன, அன்றைக்கு அத்தனையும் கூவிக்கொண்டிருந்தன. “இதெல்லாமா கேக்கும் அதுக்கு?” என்றாள். இதெல்லாம்தான் என்றேன். “நாசமாப் போச்சு” என்று எழுந்துபோய்ப் புருஷனிடம் என்னவோ சொன்னாள், அவர் முடியாது என்றார், அவள் மறுபடி சொன்னாள், அவர் தலையைச் சொறிந்தார். நீங்கள் இருக்கிற வரைக்கும் சேவல்கள் மேட்டில் மகன் வீட்டில் இருக்குமாம்.

நான் கிளம்பும்போது, “அந்தப் புகை பத்தி அன்னிக்கு” என்று ஆரம்பித்தாள். நான் நின்றேன். அதை முடிக்காமலே உள்ளே போய் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கையில் திணித்தாள். மன்னிப்பு என்ற சொல்லை அவள் சொல்லவில்லை, நான் பழத்தை வாங்கிக்கொண்டேன், நல்ல பழம், அவ்வளவுதான், என் மனசு இன்னும் ஆறவில்லை. ஆனால் ஒன்று கேட்டாள், பிள்ளை போகும்போது சமையற்கட்டு ஜன்னலிலிருந்து ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டுமா, வாயைத் திறக்கமாட்டேன் என்றாள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை, மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் நீர் வற்றிய நேரம் அந்த வளைவில் போய் உட்கார்ந்து பார்த்தேன். அமைதி அமைதி என்கிறீர்களே, அதில் என்னதான் இருக்கிறது என்று தெரிய வேண்டாமா. முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் கூழாங்கல்லுக்கு நடுவில் தண்ணீர் இறங்குவது கேட்டது, நண்டு மணலைத் தள்ளுவது கேட்டது, இதையெல்லாம் நான் பிறந்ததிலிருந்து தாண்டிப் போயிருக்கிறேன் போல. நார்டோவிடம் அதைச் சொல்லச் சொல்ல அவன், “அக்கா, இங்க இருக்குற ஒரே சத்தம் நீங்கதான்” என்றான். நான் வாயை மூடினேன். வீடு வருகிற வரைக்கும் திறக்கவில்லை, அவன் பயந்துபோய் உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

ஆகவே மகளே, அத்தை வாசல் வழியாகப் போவதா, முள்ளுக்கரைக்குச் செருப்போடு போவதா, நீ சொல். உன்னை நான் எந்த வாசலையும் தாண்டவைக்க மாட்டேன். ஜன்னல் விஷயமும் உன் கையில்தான். துமகெத்தேயிலிருந்து காலைப் படகில் ஏறு, மதியத்துக்கு மேல் கடல் புரளும். மிக்காவுக்குப் பழைய பருத்திச் சட்டைகளையே கொண்டுவா, புதுத்துணி உப்புத்தண்ணீரில் அரிக்கும். அவளுக்குப் பிடித்த சோறு எது என்று மறக்காமல் எழுது, ஒட்டுச்சோறா உதிரிச்சோறா, தேங்காய்ப்பால் ஊற்றலாமா. கடவுள் உங்கள் இருவர் தலையிலும் கை வைத்திருக்கட்டும், மாதா உங்கள் பாதையில் முன்னால் நடக்கட்டும்.

நீ கேட்ட ஆளில்லாத இடத்தில் நானும் ஒரு ஆளா என்று வில்மாவுக்குத் தெரியவில்லை, உன்னைத்தான் கேட்க வேண்டும். பாறைக்கு இந்தப் பக்கம் பேசாமல் உட்கார்ந்திருப்பேன், பழகிக்கொண்டிருக்கிறேன். நான் வேண்டாம் என்றாலும் வெளிப்படையாகச் சொல்லிவிடு. கோபம் வரும், வெகுநாள் இருக்கும், ஆனாலும் சோற்றை மூடி நார்டோ கையில் சூடாக அனுப்புவேன்.

உன் அம்மா
சியோன்