பாதியில் மடித்த கடிதம்

கொல்லிமலை

அன்புள்ள தங்கை கித்தேரிக்கு,

மிக்கேல் எழுதுகிறேன். ஆம், நானேதான், இங்கே முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்து என் கையாலேயே எழுதுகிறேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மிளகுக் கிடங்கில் காவல் நின்று எனக்கும் கால் கடுக்கிறது.

நேற்றுக் காலை மூடுபனி இறங்கியது. தோணியில் செய்வதுபோல் தட்டை எடுத்து விடாமல் அடித்தேன். பக்கத்துத் தோட்டத்துக் கண்ணாயி அரிவாளோடு ஓடிவந்தாள்.

“ஏனுங்க, கரடி வந்துருச்சுங்களா?”

“இல்லம்மா, எதிர தோணி வந்தா இடிச்சிருமில்லா?”

“மலை மேல தோணீங்களா! காலையில கஞ்சி குடிச்சீங்களா, இல்லீங்களா?”

சிரித்தேன். ஆனால் கை நிற்கவில்லை. அப்பா வேலைக்குப் போன தோணி பனியில்தானே இடிபட்டு மூழ்கியது?

அன்று தோணி முதலாளி எழுதிய கடிதம் டிரங்குப் பெட்டியில் இருக்கும். படித்துச் சொன்ன கணக்கப்பிள்ளை பாதியில் நிறுத்தி, மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டார்; நம் வீட்டில் யாருக்கும் எழுத்துத் தெரியாது. என் கம்பளிச் சட்டையோடு அதையும் அனுப்பு. மீதியை நானே படித்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகும் பஸ் வந்துவிட்டது.

மிக்கேல்